இஆர்வி மாட்டுவதற்கு முன் கேஸ் ஹீட்டரைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். எங்கள் வீடு 1,400 சதுர அடி, மூன்று படுக்கையறை. சன்னல், கதவு எல்லாம் ரப்பர் வைத்து இறுக்கமாக மூடும் வகை. ஏசி ஓடும்போது எதையும் திறப்பதில்லை. காலையில் எழுந்தால் தலை கனக்கிறது. அறையில் ஒரு புழுங்கல் வாடை நிற்கிறது. கரியமில வாயு அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வைத்துப் பார்த்தேன், விடியற்காலையில் 1,900 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,900 பங்கு) காட்டுகிறது. அதனால் நிமிடத்துக்கு 150 கன அடி வீதம் வீட்டுக் காற்றை மாற்றும் எனர்ஜி ரெக்கவரி வென்டிலேட்டர் (இஆர்வி) வாங்கிவிட்டோம். என் தம்பி எலெக்ட்ரீஷியன். நாங்கள் இரண்டு பேருமே மாட்டிவிடலாம் என்று இருக்கிறோம். பெட்டி பொதுக் குளியலறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே. துணி துவைக்கும் இடத்துச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைக்குழாயும் அதே சுவர் வழியாகத்தான் வெளியே போகிறது. சமையலறை சிம்னியையும் இதிலேயே சேர்த்துவிட்டால் ஓர் ஓட்டை மிச்சம் என்கிறான் தம்பி. ஷாக் அடிக்காமல் பாதுகாப்பாக மாட்ட என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்:

ஷாக் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது வேறு வரி. இஆர்வியின் ஓட்டைகள் வரப்போகும் அதே சுவரில் கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் இருக்கிறது. காலையில் தலை கனக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

இன்றே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கிப் படுக்கையறைகளுக்கு அருகில் மாட்டுங்கள். உங்களிடம் இருக்கும் மீட்டர் அளப்பது கரியமில வாயுவை, அதாவது நாம் மூச்சில் வெளியே விடுவதை. கார்பன் மோனாக்சைடு வேறு. கேஸ் சரியாக எரியாதபோது உண்டாவது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். அதை உங்கள் மீட்டர் காட்டவே காட்டாது.

1,900 என்ற அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளிக்காற்றிலேயே இப்போது சுமார் 420 இருக்கிறது. இறுக்கமாக மூடிய அறையில் இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கினால் 1,900 எளிதாக வந்துவிடும். வீட்டுக் காற்றில் இந்த வாயு 1,000-க்கு மேல் போகக் கூடாது என்று ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே சொல்லிவிட்டார். வாயுவே விஷம் என்பதால் அவர் அப்படிச் சொல்லவில்லை. அது ஏறியிருந்தால் அறையின் காற்று மாறவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கான அடையாளமாகத்தான் அந்த எண்ணை எடுத்துக்கொண்டார். ஆகவே உங்கள் வீட்டுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை, வாங்கியது நல்ல முடிவுதான். தலை கனப்பதற்கும் அனேகமாக இதுவே காரணமாக இருக்கும். ஆனால் வீட்டுக்குள் கேஸ் எரிகிறதென்றால் ‘அனேகமாக’ என்று விட்டுவிடக் கூடாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வீட்டில் பலருக்கும் ஒன்றாக வந்து, வெளியே போனதும் தெளிந்துவிடுகிறதா? அப்படியானால் ஹீட்டரை நிறுத்தி, எல்லோரும் வெளியேறி, டாக்டரைப் பாருங்கள். ஹீட்டரை ஆள் வைத்துச் சோதிக்கும்வரை திரும்பப் போடாதீர்கள்.

சரி, காற்று மாற்றும் பெட்டிக்கும் வெந்நீர் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம்? இந்தத் தொழிலில் பலரும் தவறவிடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இஆர்விக்குள் இரண்டு மின்விசிறிகள் இருக்கின்றன. ஒன்று வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது, மற்றொன்று வீட்டின் பழைய காற்றை வெளியே தள்ளுகிறது. இரண்டும் நடுவில் இருக்கும் கோர் வழியாகக் கடக்கின்றன. பெரும்பாலான வீட்டு மாடல்களில் அந்தக் கோர் மெல்லிய தாள் அல்லது சவ்வு அடுக்குகளால் ஆனது. காற்று அதன் இரு பக்கமும் கலக்காமல் ஓடும். சூடும் ஈரமும் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போகும். வெளியே அனலாக இருந்தால் வெளியேறும் குளிர்ந்த காற்று, வரும் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் ஓரளவு தன்னோடு வாங்கிக்கொண்டு போய்விடும். இவ்வளவுதான் அதன் வேலை.

நிமிடத்துக்கு உள்ளே 100 கன அடி வந்து வெளியே 100 போனால் வீட்டுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே வரும் வழியில் மட்டும் ஃபில்டர் அடைத்துக்கொண்டு, அல்லது டக்ட் (காற்று போகும் குழாய்) நசுங்கி, 60 ஆகிவிட்டது என்று வையுங்கள். வெளியே போவது அதே 100. மீதி 40 எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். உங்கள் சன்னல்கள் இறுக்கமானவை. வெளியிலிருந்து வீட்டுக்குள் நேராகத் திறந்திருக்கும் வழி எது? ஹீட்டரின் புகைக்குழாய். சாதாரண ஹீட்டரில் புகை மேலே போவது சூடான காற்று இலேசானது என்ற ஒரே காரணத்தால்தான். அந்த இழுவை சில பாஸ்கல் அளவுதான் இருக்கும். 5 பாஸ்கல் என்றால் அரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம், அவ்வளவு அற்பமானது. வீட்டுக்குள் அழுத்தம் அந்த அளவு குறைந்தாலே புகை திரும்பி உள்ளே வரலாம்.

என் கண்ணால் கண்டது ஒன்று. நான் தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் குழு ஒரு வீட்டில் இந்தப் பெட்டியை மாட்டியது. காற்று உள்ளே வரும் மூடியில் பூச்சி வராமலிருக்கக் கொசுவலை மாதிரி மெல்லிய கம்பிவலையை நாங்களே வைத்துக் கொடுத்தோம். பக்கத்தில் துணி உலர்த்தும் மெஷினின் வாய். மூன்று மாதத்தில் அந்த வலை முழுக்கப் பஞ்சு படிந்து, துணி போர்த்தியது போல ஆகிவிட்டது. ஒரு நாள் அதிகாலையில் அந்த வீட்டில் அலாரம் அடித்தது. ஹீட்டரின் புகை வீட்டுக்குள் திரும்பியிருந்தது. அலாரம் இருந்ததால் எல்லோரும் எழுந்து வெளியே வந்தார்கள். மின்சார வேலையில் ஒரு குறையும் இல்லாத வீடு அது. அன்றிலிருந்து கேஸ் ஹீட்டரைப் பார்க்காமல் நான் எந்த வீட்டிலும் அளவு எடுக்கவே தொடங்குவதில்லை.

உங்கள் ஹீட்டர் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எரிவதற்கான காற்றையும் வெளியிலிருந்தே குழாய் வழியாக எடுத்து, புகையையும் வெளியிலேயே விட்டு, தான் முழுக்க மூடியிருக்கும் வகை ஒன்று உண்டு. அதற்கு வீட்டுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை. அந்த வகையாக இருந்தால் பாதிக் கவலை போயிற்று. அறைக் காற்றை எடுத்து எரித்து, புகையை மட்டும் குழாயில் அனுப்புவது அடுத்த வகை. நான் இவ்வளவு பேசுவது அதைப் பற்றித்தான். புகைக்குழாயே இல்லாமல் அறைக்குள் விடும் வகையும் இருக்கிறது. அது வீட்டுக்குள் இருக்கவே கூடாது. இஆர்வி மாட்டியாயிற்று, காற்று மாறிவிடும் என்று அதைச் சமாதானப்படுத்திக்கொள்ளாதீர்கள். அந்த வேலைக்கு இந்தப் பெட்டி செய்யப்படவில்லை.

நடுவகை என்றால், இஆர்வி ஓடத் தொடங்கி, வரும் காற்றையும் போகும் காற்றையும் சமன் செய்த அன்றே ஒரு சோதனை செய்ய வேண்டும். வீட்டின் எல்லாச் சன்னல்களையும் வெளிக்கதவுகளையும் மூடுங்கள். சமையலறை சிம்னி, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன், துணி உலர்த்தும் மெஷின் இருந்தால் அது, இஆர்வி என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். இதுதான் ஹீட்டருக்கு மிக மோசமான நிலைமை. பிறகு ஹீட்டரைப் பற்றவைத்து ஐந்து நிமிடம் கழித்து, புகைக்குழாய் தொடங்கும் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை குழாய்க்குள் இழுபட்டால் சரி. வெளியே அறைப்பக்கம் தள்ளினால் எல்லாவற்றையும் நிறுத்திச் சன்னலைத் திறந்துவிடுங்கள். ஊதுபத்தி ஒரு முதல் பார்வைக்குத்தான். எரிபுகையை அளக்கும் கருவி வைத்திருக்கும் கேஸ் டெக்னீஷியனை ஒரு முறை கூப்பிட்டு முறையாகச் சோதித்துவிடுங்கள். அந்த ஒரு வேலையைத் தம்பி செய்ய வேண்டாம், எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும்.

அடுத்து சிம்னி. சேர்க்கவே கூடாது. இதில் தம்பியோடு சமரசத்துக்கே இடமில்லை. சமையல் புகையில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அது கோரின் அடுக்குகளில் படிந்தால் பிறகு கழுவி எடுக்க முடியாது, காற்றும் போகாது. டக்ட் முழுக்கப் பசை பூசிய மாதிரி ஆகும், ஒரு நாள் அடுப்பில் தீ எழும்பினால் அந்தப் பசையே நெருப்பை வீட்டின் மேல்தளம் நெடுகக் கொண்டுபோகும். அப்புறம் அளவும் ஒத்துவராது. சிம்னி இழுக்கும் காற்று பல நூறு கன அடி, உங்கள் பெட்டியின் முழுத் திறனே 150. சிம்னிக்குத் தனிக் குழாய், தனி ஓட்டை. சமையலறைக் காற்றைப் பொதுவாக எடுக்கத்தான் வேண்டும் என்றால் அடுப்பிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி, எண்ணெய் பிடிக்கும் ஃபில்டர் போட்ட கிரில் ஒன்றை வைக்கலாம், உங்கள் மாடலின் கையேடு அனுமதித்தால். துணி உலர்த்தும் மெஷினுக்கும் இதே பதில்தான். அதன் பஞ்சு தீப்பிடிக்கக்கூடியது. அதற்கும் தனி வழி.

சிம்னி பெரியதாக இருந்தால், அது ஓடும்போது இழுக்கும் காற்றை இஆர்வியால் ஈடுகட்ட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். சமைக்கும்போது ஒரு சன்னலைத் திறந்துவையுங்கள். எளிய வழி, நிச்சயமான வழி.

இப்போது அந்தச் சுவர். காற்று உள்ளே வரும் வாயானது புகைக்குழாய், எக்ஸாஸ்ட் வாய், கழிவுக்குழாயின் காற்றுப்போக்கி, வண்டி நிற்கும் இடம் இவற்றிலிருந்து குறைந்தது 10 அடி, அதாவது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீட்டுக் காற்றோட்டத்துக்கு உலகம் முழுக்கப் பலர் பின்பற்றும் ஆஷ்ரே 62.2 என்ற தரவிதி கேட்பதும் இதே தூரத்தைத்தான். உங்கள் திட்டப்படி உள்ளே வரும் வாய் ஹீட்டர் புகையைத்தான் முதலில் குடிக்கும். அதை வடிகட்ட எந்த ஃபில்டராலும் ஆகாது. ஃபில்டர் பிடிப்பது தூசியை, வாயுவை இல்லை. ஆகவே உள்ளே வரும் வாயை வீட்டின் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். வெளியே தள்ளும் வாய் இந்தச் சுவரிலேயே இருக்கலாம், ஆனால் அதன் காற்று ஹீட்டரின் புகைக்குழாய் வாயை நோக்கி அடிக்கக் கூடாது. டக்ட் நீளம் கூடுமே என்று தம்பி சொல்வார். கூடட்டும். உங்கள் குழந்தைகளோ பெரியவர்களோ இரவெல்லாம் சுவாசிக்கப்போவது அந்த வாயில் நுழையும் காற்றைத்தான்.

அந்த வாய் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் இருக்கட்டும். கை எட்டிச் சுத்தம் செய்ய முடிகிற உயரமும் வேண்டும். அதற்கு 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலைதான் சரி. பறவையும் எலியும் வராது, சீக்கிரம் அடைக்கவும் அடைக்காது. பூச்சிகளை உள்ளே இருக்கும் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்.

ஓட்டை போடும்போது குழாய் வெளிப்பக்கம் இலேசாகச் சரிந்திருக்கும்படி போடுங்கள். இல்லையென்றால் அடித்த மழை டக்ட் வழியே கோருக்கு நடந்து வந்துவிடும். பீம், தூண் இரண்டையும் தொடக் கூடாது. கான்கிரீட்டில் கம்பியை அறுத்துக்கொண்டு போவது ஓட்டை போடும் வேலையில்லை, கட்டடத்தைப் பலவீனப்படுத்தும் வேலை. சுவருக்குள் ஓடும் வயர், தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் எங்கே என்று கண்டுபிடிக்கும் கருவியை வைத்துத் தடவிப் பார்த்த பிறகே டிரில்லைக் கையில் எடுங்கள். பழைய கட்டடமாக இருந்து ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் உடைக்காதீர்கள், சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, முகத்தில் இறுக்கமாக உட்காரும் நுண்தூசி மாஸ்க்கும் கண்ணாடியும் வேண்டும். அடுக்குமாடி என்றால் வெளிச்சுவரும், தீயைத் தடுக்கும் சுவர்களும் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அனுமதி வாங்குங்கள். தீத்தடுப்புச் சுவரைத் துளைத்தால், சூடு பட்டதும் தானே மூடிக்கொள்ளும் தீ டேம்பர் வைத்து, சுற்றிலும் தீ தாங்கும் பூச்சு அடைக்க வேண்டியிருக்கும். அதைப் பழகியவரிடம் விடுங்கள்.

குளியலறைக்கு மேலே வைப்பது நடக்கக்கூடிய திட்டம்தான். ஆனால் ஃபால்ஸ் சீலிங்கின் சட்டத்தில் ஒரு கிலோகூடத் தொங்கக் கூடாது. பெட்டி மேல் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட்டு போட்டு, அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்துத் தனியாகத் தொங்க வேண்டும். இந்தப் பெட்டிகளை ஓர் ஆள் தலைக்கு மேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் போல்ட்டு முடுக்கவே முடியாது. இரண்டு பேர், இரண்டு உறுதியான ஏணி. தகரத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கீழே கதவு வைக்க மறக்காதீர்கள். ஃபில்டரை வெளியே இழுக்கவும் கோரை முழுசாக எடுக்கவும் இடம் இருக்கிறதா என்று பெட்டியை மாட்டுவதற்கு முன்பே அளந்து பாருங்கள். கழற்ற இடமில்லாத ஃபில்டரை யாரும் கழற்றுவதில்லை. அது அடைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

மின்சாரம் பற்றித் தம்பிக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஒன்றிரண்டை மட்டும் நினைவூட்டுகிறேன். குளியலறை ஈரமான இடம். எர்த் கண்டிப்பாக வேண்டும், 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர்) வழியாகத்தான் லைன் வர வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். பெட்டிக்கு அருகில், ஆனால் குளிப்பவர் கை எட்டாத இடத்தில், மின்சாரத்தை முழுக்கத் துண்டிக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்க வேண்டும். சுவரில் இருக்கும் ரிமோட் பேனல் குறைந்த வோல்டேஜில் வேலை செய்வது, அதன் மெல்லிய வயரை மெயின் வயரோடு ஒரே பைப்பில் போடக் கூடாது. பெட்டியைத் திறக்கும்போது பேனலில் நிறுத்தினால் போதாது. டைமரோ சென்சாரோ அதைத் திடீரென்று ஓடவைக்கும். சப்ளையையே துண்டித்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, விசிறி நின்றதைக் கண்ணால் கண்ட பிறகு கையை விடட்டும். உங்கள் மாடலுக்குத் தண்ணீர் வடியும் குழாய் உண்டா என்று கையேட்டில் பாருங்கள். பல இஆர்விகளுக்குத் தேவையில்லை. தேவையென்றால் தண்ணீர் நிற்கும் வளைவு வைத்து, கழிவுக்குழாயில் நேரடியாகச் செருகாமல் இடைவெளி விட்டு இறக்குங்கள். நேரடியாகச் செருகினால் சாக்கடைக் காற்றைப் பெட்டி வீட்டுக்குள் இழுக்கும்.

டக்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். முடிந்தவரை வழுவழுப்பான கடினக் குழாய்தான். வளையும் டக்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும், சின்ன நீளத்தில், நன்றாக இழுத்துப் பிடித்து மாட்டுங்கள். தொய்ந்து தொங்கினால் காற்று பாதியாகக் குறையலாம். இணைப்புகளை மாஸ்டிக் பசை அல்லது அலுமினிய ஃபாயில் டேப் வைத்து அடையுங்கள். துணி டேப் சூட்டில் ஒரு வருடத்தில் உரிந்துவரும். சுத்தமான காற்று படுக்கையறைகளுக்கும் கூடத்துக்கும் போகட்டும், பழைய காற்றைக் குளியலறைப் பக்கத்திலிருந்தும் நடையிலிருந்தும் எடுங்கள். இரண்டு கிரில்லும் ஒரே அறையில் எதிரெதிரே இருந்தால் வந்த காற்று அப்படியே திரும்பிப் போய்விடும். படுக்கையறைக் கதவுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் சந்து இல்லையென்றால் கதவைச் சாத்தியதும் காற்று நின்றுவிடும்.

டக்ட் வியர்ப்பது பற்றி ஒரு கணக்கு. நீங்கள் இருப்பது ஈரக்காற்றுள்ள இடம் என்றால், வெளியே 33 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. அது சுமார் 28 டிகிரிக்குக் கீழான எந்தப் பரப்பைத் தொட்டாலும் வியர்க்கும். ஏசி அறையிலிருந்து 25 டிகிரிக் காற்றைக் கொண்டுவரும் டக்ட், ஏசி இல்லாத ஃபால்ஸ் சீலிங் சந்தில் ஓடினால் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். பூஞ்சை பிடிக்கும், தண்ணீர் வயர் மேலும் விழும். வெளியோடு தொடர்புள்ள இரண்டு டக்டுகளுக்கும், ஏசி இல்லாத இடம் வழியே போகும் எல்லா டக்டுகளுக்கும் இன்சுலேஷன் சுற்றி, அதற்கு மேலே ஈரம் புகாத உறையைப் பிளவே இல்லாமல் ஒட்டுங்கள்.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்குள் கிலோவுக்கு 10 கிராம் என்று ஏசி வைத்திருக்கிறது. ஈரத்தில் பாதியை மீட்கும் கோர் என்றால் உள்ளே வரும் காற்று 17 கிராமோடு வரும். அதாவது, இஆர்வி வீட்டை உலர்த்தாது. சன்னலைத் திறந்தால் வரும் ஈரத்தில் பாதியைத் தடுக்கும், அவ்வளவே. மீதியை ஏசிதான் எடுக்க வேண்டும். அதனால்தான் 150-ஐ முழு வேகத்தில் ஓட்ட வேண்டாம் என்கிறேன். ஆஷ்ரே கணக்குப்படி சதுர அடிக்கு 0.03, அதோடு படுக்கையறை எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி 7.5-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு 42-ம் 30-ம் சேர்த்து 72 கன அடி. அந்த அளவில் நாள் முழுக்க ஓடினால் போதும். அப்போதும் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் ஏசிக்கு வேலையாக வரும். 150-இல் ஓட்டினால் இரண்டு லிட்டருக்கு மேல். விருந்தாளிகள் நிறைந்த நாளில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

உறைபனி விழும் இடங்களில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கோரில் பனி பிடித்தால் அதை உருக்க, சில மாடல்கள் உள்ளே வரும் விசிறியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திவிடும். அந்த நேரம் முழுக்க வீடு வெளியே மட்டும் காற்றை இழந்துகொண்டிருக்கும். அறைக் காற்றில் எரியும் ஹீட்டரோ கணப்படுப்போ இருந்தால் அந்த மாடல் வேண்டாம், காற்றை உள்ளேயே சுழற்றிப் பனியை உருக்கும் மாடலை வாங்குங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, விசிறி ஓடுகிறது, கிரில்லில் கை வைத்தால் காற்று வருகிறது. பலர் இங்கேயே முடித்துக்கொண்டு ஏணியை மடக்கிவிடுகிறார்கள். வேலை அப்போதுதான் பாதி. உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்று அளக்க வேண்டும். கிரில் மேல் கவிழ்க்கும் அளவி வைத்தோ, பல பெட்டிகளில் இருக்கும் சின்னத் துளைகளில் மானோமீட்டர் (அழுத்தம் அளக்கும் கருவி) குழாயைச் செருகிக் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட்டோ அளப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் வரும்வரை விசிறி வேகத்தையோ, டக்டில் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடான டேம்பரையோ திருத்த வேண்டும். இதைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. கருவி இல்லையென்றால் இந்த ஒரு மணி நேர வேலைக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். சமன் செய்த பிறகுதான் ஹீட்டர் சோதனை, அதற்கு முன்னால் செய்தால் பயனில்லை.

ஆக, தொங்கவிடுவது, டக்ட் போடுவது, இன்சுலேஷன், வயரிங் இவற்றை நீங்கள் இருவரும் தாராளமாகச் செய்யலாம். கான்கிரீட்டில் பெரிய ஓட்டை போடுவதையும், சமன் செய்வதையும், ஹீட்டர் சோதனையையும் அந்தந்த ஆட்களிடம் விடுங்கள். வீட்டில் சுவர் தேய்ப்பு, மரவேலை, பெயின்ட் ஏதாவது மிச்சமிருந்தால் அது முடியும்வரை பெட்டியை ஓட்டாதீர்கள், டக்ட் வாய்களைப் பாலிதீன் போட்டுக் கட்டி வையுங்கள்.

மாட்டிய பிறகு ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். முதல் தடவை ஒரு மாதத்திலேயே பாருங்கள், உங்கள் பக்கத்துக் காற்றில் எவ்வளவு தூசி என்று தெரிந்துவிடும். ஃபில்டர் கழற்றும் அன்றே வெளிச்சுவர் வலையையும் துடைத்துவிடுங்கள். கோரைக் கழுவலாமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். சில கோர்கள் தண்ணீர் பட்டால் வீணாகிவிடும், வேக்யூம் மட்டும்தான் பிடிக்கலாம். அலாரத்தின் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அதற்கும் ஆயுள் உண்டு, பின்னால் அச்சிட்டிருக்கும் தேதியோடு மாற்றிவிட வேண்டும்.

ஹீட்டரின் மேலிருக்கும் தகட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன். சமன் செய்த அன்று வந்த இரண்டு எண்களையும் அதோடு எழுதுங்கள். அலாரத்தை மட்டும் என் பதிலுக்காகக் காத்திருக்காமல் இன்றே வாங்கிவிடுங்கள்.